‘கரீபியன் மாதிரி இருக்கு டீச்சர்’

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் மட்டும் படியுங்கள். பாதியில் கோபம் வந்தால் முழுசாகப் படித்துவிட்டுக் கீழே வந்து திட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவி ஒருத்தி என்னை டேக் செய்து ஒன்பது படம் போட்டிருந்தாள். இப்போது சிறுசேரியில் ஐடி வேலை, நல்ல சம்பளம். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ரிசார்ட். நீச்சல் குளம், குளத்துக்கு அப்பால் தென்னை, தென்னைக்கு அப்பால் கடல். கையில் இளநீர், அதில் ஒரு குட்டிக் காகிதக் குடை. கீழே எழுதியிருந்தாள்: “ரெண்டு நாள் ஃபுல் ரிலாக்ஸ். பிரைவேட் பீச். கரீபியன் மாதிரி இருக்கு டீச்சர்! உங்க ஜாக்ரபி கிளாஸ் ஞாபகம் வந்துச்சு.”

என் வகுப்பில் நான் நடத்தியது மேற்கிந்தியத் தீவுகளின் கரும்பும் சூறாவளியும். காகிதக் குடை நடத்தியதாக நினைவில்லை. போகட்டும். பிள்ளை என்னை மறக்காமல் இருக்கிறாளே என்று சந்தோஷப்பட்டு ஒரு லைக் போட்டேன். அப்புறம் இரவெல்லாம் அந்த இரண்டு வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. பிரைவேட் பீச்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் முதுகு ஒடிய உட்காருகிற பிள்ளைகள் இரண்டு நாள் ஓய்வெடுப்பதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சலும் இல்லை. அந்தக் காலத்தில் எங்களுக்கு இதெல்லாம் உண்டா என்று ஆரம்பிக்கிற ஆளும் நான் இல்லை. ஓய்வு எடு, நன்றாகச் சாப்பிடு, தூங்கு. ஆனால் உனக்கு விற்கப்பட்ட பொருளில் ஒன்று விற்றவனுடையது இல்லை, கண்ணு. அறை அவனுடையது, குளம் அவனுடையது, தென்னை அவனுடையது. கடற்கரை அவனுடையது இல்லை.

நம் நாட்டுச் சட்டத்தில் தனியார் கடற்கரை என்று ஒன்று கிடையாது. அலை ஏறி இறங்குகிற அந்த ஈர மணல் எந்தப் பட்டாவிலும் வராது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. இமாச்சலில் பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு சொகுசு விடுதி, தன் வசதிக்காக ஆற்றின் போக்கையே திருப்பப் பார்த்த வழக்கு. ஆறு, காடு, கடற்கரை ஆகியவற்றுக்கு அரசு அறங்காவலர் மாதிரிதான், அனுபவிக்க வேண்டியவர்கள் பொதுமக்கள், அதைத் தனியாருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது என்று அதில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முன்பே 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதில் கடற்கரை விடுதிகளுக்கென்றே தனி இணைப்பு ஒன்று உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டடம் கூடாது. 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. மணல் மேட்டைச் சமப்படுத்தக் கூடாது. அந்த 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது. இன்னொன்று சொல்கிறேன், கவனியுங்கள்: பொதுமக்கள் கடலுக்குப் போய்வர, இரண்டு விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும்.

20 மீட்டர் என்பது இரண்டு லாரி எதிரெதிரே தாராளமாகப் போகும் அகலம். ஈசிஆரில் நான் தேடிப் போன இடத்தில் எனக்குக் கிடைத்தது ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் சந்து, அதன் முடிவில் ஒரு கேட், கேட்டில் பூட்டு. 1991-க்கு முன்பே வந்த பழைய விடுதிகள் உண்டு, அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் கேட்பது அதற்கப்புறம் முளைத்தவற்றைப் பற்றி.

இனி சொந்தக் கதை. இரண்டு வருஷம் முன்னால், காணும் பொங்கலுக்கு மறுநாள். முந்தைய நாள் மாமல்லபுரத்தில் கால் வைக்க இடமில்லை. ஊர் ஊராக வேனிலும் குட்டி யானையிலும் புளிசோற்றுத் தூக்கோடு வந்து இறங்குகிற ஜனங்கள். அவர்களுக்கும் அதுதான் வருஷத்துக்கு ஒரு வீக்கெண்ட். போலீஸ் தடுப்பு, கடலில் இறங்கத் தடை, ஒலிபெருக்கியில் மிரட்டல், இதற்கு நடுவில்தான் அவர்களுடைய ரிலாக்ஸ். கூட்டம் வடியட்டும் என்று நான் மறுநாள் தங்கை பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். கோவிலைத் தாண்டி ஈர மணலில் வடக்கே நடந்தோம். அவள் சிப்பி பொறுக்கிக்கொண்டே வந்தாள். கொஞ்ச தூரத்தில் மணலில் கயிறு கட்டியிருந்தது. விசில் ஊதிக்கொண்டே ஒரு செக்யூரிட்டி ஓடி வந்தார். “மேடம், இது பிரைவேட். திரும்பிப் போங்க.”

கிட்டே வந்ததும் அவர் முகம் மாறியது. “டீச்சர், நீங்களா?”

என் மாணவன். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். குப்பத்துப் பையன். அவன் அப்பாவும் சித்தப்பாக்களும் கரைவலை இழுத்தது ஏறக்குறைய இதே மணலில்தான். கரைவலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படகில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு, இரண்டு முனையையும் கரையில் இருந்து பத்திருபது பேர் இழுப்பார்கள். வலை கிட்டே வரவர இரண்டு பக்க ஆட்களும் மணலில் நகர்ந்து நெருங்குவார்கள். அதற்கு நீளமான, தடையில்லாத கரை வேண்டும். நடுவில் கயிறு கட்டினால் வலை இழுக்க முடியாது. படகை ஏற்றி வைக்கவும் வலையைப் பிரித்துச் சிக்கெடுக்கவும் கருவாடு காயப்போடவும் அதே மணல்தான். உனக்கு அது வியூ. அவர்களுக்கு அது களத்துமேடு, பட்டறை, சந்தை எல்லாம்.

பையன் தலையைக் குனிந்துகொண்டு, “மன்னிச்சுக்கோங்க டீச்சர், கேமரா இருக்கு, மேனேஜர் பார்த்தா என்னைத்தான் கேப்பாரு” என்றான். நான் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவனுக்கு வேலை போயிருக்கும். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அன்றைக்குத் திரும்பியதற்காக இன்றைக்கு வரை எனக்கு என் மேலேயே கோபம்.

அவன் வீடு இப்போது கடற்கரையில் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26. அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச் 30-ல் தமிழக அரசு ஓர் அரசாணை போட்டது, எண் 172. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் அந்த எல்லைக்கு வெளியே போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்புள்ள புது வீடு இலவசம். பழைய வீட்டையும் மனையையும் அரசிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். போக மாட்டேன் என்றால் பழைய வீட்டை அவரவர் செலவில் சரிசெய்துகொள்ளலாம், அரசு உதவி கிடையாது. பெயருக்கு விருப்பம். பிணத்தைப் புதைத்த கை காயாதவனிடம், வீடு வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிற விருப்பம்.

உயிரைக் காப்பாற்றத்தானே சொன்னார்கள் என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். அலை திரும்ப வரலாம், பின்னால் போய் இருப்பது நல்லதுதான். அப்படியானால் அதே 200 மீட்டரில் ஓய்வெடுக்க வருகிறவன் உயிர் உயிரில்லையா? வலைக்காரன் குடிசைக்கு ஆபத்தான மணல், காட்டேஜுக்கு மட்டும் எப்படிப் பத்திரமாகிறது? இந்தக் கேள்விக்கு இருபது வருஷமாக எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கேட்ட அதிகாரிகள் சிரித்தார்கள், அவ்வளவுதான்.

2019 ஜனவரியில் புது அறிவிக்கை வந்தது. மக்கள் நெருக்கமாக வாழும் கிராமப்புறக் கடலோரத்தில், அதாவது சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருக்கும் இடங்களில், அந்த 200 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கியது. கடற்கரைகளில் சுற்றுலாவுக்கான தற்காலிகக் குடில்கள், கழிப்பறைகள் வைக்க அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால் போதும் என்றானது. இதில் மீனவர் வீட்டுக்கும் நன்மை உண்டு, அவர்களே விருந்தினரைத் தங்கவைக்கவும் அனுமதி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2005-ல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவனுக்கு அந்த மனை திரும்பி வருமா? கோடு அவனுக்காகப் பின்னால் போனது. அவன் போன பிறகு முன்னால் வருகிறது.

இப்போது கரீபியனுக்கு வருகிறேன். மாணவி விளையாட்டாக எழுதினாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

பார்புடா என்று ஒரு குட்டித் தீவு. ஆன்டிகுவாவோடு சேர்ந்த நாடு. மொத்த ஜனத்தொகை 2,000-ஐத் தொடாது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். அங்கே நிலம் தனி ஆளுக்குச் சொந்தமில்லை, ஊருக்கே பொது. வழக்கமாக இருந்ததை 2007-ல் சட்டமாகவும் ஆக்கினார்கள். 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி அடித்தது. தீவையே காலி செய்து எல்லோரையும் ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோனார்கள். ஜனங்கள் திரும்பி வருவதற்குள் புது விமான நிலையத்துக்கு புல்டோசர் இறங்கிவிட்டது. பொது நிலச் சட்டத்தையும் மாற்றினார்கள். இன்றைக்கு அங்கே உலகப் பணக்காரர்களுக்கான சொகுசு விடுதிகள். தீவுக்காரர்கள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு நடத்தினார்கள்.

ஜமைக்காவில் வெள்ளைக்காரன் காலத்து 1956-ஆம் வருஷக் கடற்கரைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கரை அரசுக்குச் சொந்தம், குடிமகனுக்குக் கடலில் குளிக்கப் பொது உரிமை என்று ஒன்றில்லை. தலைமுறையாகக் குளித்த இடத்தில் சுவர் எழும்புவதைப் பார்த்து அந்த ஊர் ஜனங்கள் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். விளம்பரத்தில் நாம் பார்க்கும் கரீபியன் சுவருக்கு உள்ளே எடுத்த படம். (அந்தத் தீவுகளில் நம் ஆட்களும் உண்டு. கரும்பு வெட்ட 1854-லேயே குவாதலூப்புக்குக் கப்பல் போனது. மாரியம்மனை இன்னும் கும்பிடுகிறார்கள். இதைத்தான் நான் வகுப்பில் நடத்தியிருக்க வேண்டும், நேரமில்லாமல் போய்விட்டது.)

நமக்கும் ஜமைக்காவுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்: நம் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. சட்டம் இருந்தும் கயிற்றைப் பார்த்ததும் நாமே திரும்பிவிடுகிறோம். நான் திரும்பவில்லையா?

வழக்கமாக வரும் பதில்களும் தெரியும். ‘உள்ளூர் ஆட்களுக்கு வேலை கொடுக்கிறார்களே’ என்பது ஒன்று. கொடுக்கிறார்கள். நான் பார்த்தவரை வாட்ச்மேன், தோட்டம், பெருக்குவது, துணி துவைப்பது. படகு வைத்திருந்தவன் மகன் பிறகு விசில் ஊதுகிறான், அதுவும் சொந்த ஊர்க்காரனைத் துரத்த. அந்தச் சம்பளம் அவனுக்குத் தேவைதான், அதற்காக மணலையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. ‘பொதுமக்களை விட்டால் குப்பை போடுகிறார்கள்’ என்பது அடுத்தது. உண்மை, நானே நேரில் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். குப்பைக்குத் தொட்டி வை, ஆள் போடு, அபராதம் போடு. குப்பை போடுகிறான் என்பதற்காகச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டை யாராவது தனியாருக்கு எழுதிக் கொடுப்பார்களா? இன்னொன்று, ராத்திரி எரிகிற அந்த அலங்கார விளக்குகள். தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில்தான் முட்டையிடுகின்றன. பொரித்து வரும் குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலைக் கண்டுபிடிக்கும். ரிசார்ட் வெளிச்சத்தை நம்பிப் புல்தரைப் பக்கம் ஊர்ந்துபோய்ச் சாகிறது. அதற்குப் பெயர் ‘பீச் சைடு ஆம்பியன்ஸ்’.

இந்தக் கரையில் சுவர் வைத்தவர்கள் புதிதில்லை. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் கோட்டை, ஆலம்பரையில் ஒன்று, கோவளத்தில் ஒன்று. 1752-ல் கிளைவ் கோவளத்தைப் பிடித்துவிட்டு அடுத்து வந்தது எங்கள் செங்கல்பட்டுக் கோட்டைக்குத்தான். இன்றைக்கு அந்தச் சுவர்களில் ஆடு மேய்கிறது, ஜோடிகள் பெயர் கிறுக்குகிறார்கள். ஆனால் அவை தானாக இடிந்து விழும்வரை காத்திருக்க எனக்கு வயசில்லை. கொச்சி மரடில் விதி மீறிக் கட்டிய அடுக்குமாடிகளை 2020 ஜனவரியில் இரண்டே நாளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். முடியாத காரியமில்லை.

இங்கே யாரும் வெடி வைக்க வேண்டாம். முதலில் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. இன்னின்ன விடுதிக்குக் கடலோர அனுமதி எந்தத் தேதியில், எந்த நிபந்தனையில் கொடுத்தீர்கள், பொதுப்பாதை வரைபடத்தில் எங்கே இருக்கிறது? நான் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன், வராவிட்டாலும் போடுகிறேன். விடுதிக்குப் போகிறவர்கள் ரூம் புக் பண்ணும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “பிரைவேட் பீச் என்று போட்டிருக்கிறீர்களே, அதற்கு என்ன பத்திரம் வைத்திருக்கிறீர்கள்?” பணம் கொடுப்பவர் கேட்டால் அவர்களுக்குக் காது கேட்கும். நான் கேட்டால் கேட்காது.

டேக் செய்த கண்ணுக்கு: கோபமில்லை. அடுத்த முறை அங்கே போகும்போது முன்கூட்டியே ஒரு போன் போடு. திருக்கழுக்குன்றம் வழியாக வருகிற பஸ்ஸில் ஏறி வந்துவிடுகிறேன், புளிசோறும் கொண்டுவருகிறேன். கோவில் பக்கமிருந்து நான் மணலிலேயே நடந்து வருகிறேன், நீ ரிசார்ட் பக்கமிருந்து கயிறு வரைக்கும் வா. விசில் ஊதுவது நம் பையனாக இருந்தால் அவனுக்கும் ஒரு பொட்டலம் இருக்கும். வேறு யாராவதாக இருந்தால் நீதான் பேச வேண்டும். ரூம் சாவி உன் கையில்தானே இருக்கும்.