காதும் ஒலிவாங்கியும்



சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலைப்பொழுது, நம் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் பங்கு இல்லத்துக்கு வந்து நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தான். ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியில் ஆர்வமுள்ளவன். தேர்வு எழுதி, அரசின் உரிமமும் தனக்கென ஓர் அழைப்புக்குறியும் பெற்றவன். மொட்டை மாடியில் மூங்கில் நட்டுக் கம்பி கட்டுவதற்கு என் ஏணியைத்தான் இரவல் கொண்டுபோயிருந்தான். முதன்முதலாகப் பேசிய இரவிலேயே, வேறு இருவரின் உரையாடலுக்கு நடுவே அறியாமல் புகுந்துவிட்டான். அவ்விருவருள் அனுபவம் மிக்க ஒருவர், “உரிமத்தைச் சந்தையிலா வாங்கினாய்?” என்று கேட்டாராம். கேட்டுக்கொண்டிருந்த பிறரும் நகைத்தனராம். அன்று கீழே வைத்த ஒலிவாங்கியை அவன் பல மாதங்கள் தொடவில்லை.

எனக்குச் சினம் பொங்கியது. ஆனால் சினந்துகொள்ள எனக்குத்தான் என்ன தகுதி? வாசகம் படித்த சிறுவன் ஒருவனைப் பீடத்திலிருந்தே, ஒலிபெருக்கியில் எல்லாரும் கேட்கத் திருத்தியவன் நான். என் திருத்தம் சரியானதே. அச்சிறுவன் அதன்பின் வாசகம் படிக்க வரவில்லை.

பின்னர் இவ்வானொலியைப் பற்றி அவனிடமே கேட்டும், நூல்களைப் புரட்டியும் சில செய்திகளை அறிந்துகொண்டேன். பேசும் பொத்தானை அழுத்தியிருக்கும் வரையில் ஒருவரது கருவி பிறர் குரலை ஏற்காது. பேசுகிறவர் அந்நேரத்தில் செவிடர்! ஆகவே முதலில் சற்று நேரம் கேட்பதும், இங்கே யாரேனும் பேசிக்கொண்டிருக்கிறீர்களா என்று வினவுவதும், மறுமொழி இல்லையெனில் மீண்டும் ஒருமுறை வினவுவதும் அவர்களது மரபு. ஒருவர் முடித்தபின் மற்றவர் தொடங்குமுன் சிறிது இடைவெளி விடுவார்கள். அவசரச் செய்தி உள்ளவர் அந்த இடைவெளியில் நுழையலாம். எந்த அலையும் எவருக்கும் சொந்தமன்று.

இன்னுமொரு விந்தை உண்டு. சிற்றலைகள் வானின் மேலடுக்கில் பட்டு வளைந்து தொலைவில் வந்து இறங்குகின்றன. இடையிலுள்ள ஊர்களைத் தாண்டிவிடுகின்றன. எனவே நமக்குத் தெளிவாகக் கேட்கும் ஒரு குரல், பக்கத்து மாவட்டத்தில் இருப்பவருக்குச் சிறிதும் கேளாமற்போகலாம். அவர் காது கொடுத்துக் கேட்டும், வெற்றிடமென நம்பியே பேசத் தொடங்குவார். நம் இளைஞனுக்கு நேர்ந்ததும் இதுவாக இருக்கலாம். சந்தையைப் பற்றிக் கேட்ட பெரியவருக்கு இது தெரியாதா? என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

நேபாளத்தில் பள்ளி நிறுவிப் பணியாற்றிய அமெரிக்க சேசுசபைக் குரு மார்ஷல் மோரன், 1992-இல் இறைவனடி சேர்ந்தவர். அவரது அழைப்புக்குறி 9என்1எம்எம். நெடுங்காலம் அந்நாட்டிலிருந்து ஹாம் வானொலியில் ஒலித்த ஒரே குரல் அவருடையது என்பர். அத்தகைய அரிய நிலையம் ஒன்று பேசத் தொடங்கினால், அதனோடு ஒரு சொல் பேசிவிட உலகெங்குமிருந்து பலர் ஒரே நேரத்தில் அழைப்பார்கள். அந்நெரிசலில் ஒருவர் தவறான அலையில் அழைத்துவிட்டால், உடனே நான்கு பேர் அவரைத் திருத்தக் கூச்சலிடுவார்கள். தவறியவர் எழுப்பிய இரைச்சல் ஒரு நொடி. திருத்த வந்தோர் எழுப்பும் இரைச்சலோ ஓய்வதில்லை. இவர்களைப் போலீஸ்காரர் என்றே மற்ற ஹாம்கள் கேலியாக அழைக்கிறார்கள். (இவர்களைப் போன்றோர் பாடகர் குழுவிலும் உண்டு, மேலே சொல்லேன்.)

1928-இல் பால் சீகல் என்னும் அமெரிக்கர் ஹாம்களுக்கென நன்னெறிகள் ஆறு வகுத்தார். பிறருடைய மகிழ்ச்சி குறையும் வண்ணம் தெரிந்தே வானொலியை இயக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. வீட்டுக்கும் தொழிலுக்கும் படிப்புக்கும் ஊருக்கும் உள்ள கடமையில் இது குறுக்கிடலாகாது என்பது இன்னொன்று. இரவு உணவு ஆறிப்போகக் காத்திருக்கும் இல்லத்தரசிகள் இரண்டாவதைக் குறித்துக்கொள்வார்களாக!

இத்தனைக்கும் பின், மோர்ஸ் தந்திக்குறியால் ஒரு சச்சரவு எழுந்தது. அத்தேர்வைக் கட்டாயமாக்க வேண்டியதில்லை என்று 2003-இல் உலக வானொலி மாநாடு முடிவு செய்தது. அமெரிக்கா 2007-இல் அதனைக் கைவிட்டது. பாடுபட்டுக் கற்ற மூத்தோர் சிலர், அக்குறி கல்லாது வந்த புதியவரைத் தீண்டாதாரைப் போல் ஒதுக்கினர். அவர்களது வருத்தம் எனக்குப் புரிகிறது. நான் குருமடத்தில் இலத்தீனோடு பட்ட பாட்டை இளங்குருக்களிடம் எத்தனை முறை பெருமையாகச் சொல்லியிருப்பேன்!

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, பாரதி பிரசாத் என்னும் பெண்மணியும் அவர்தம் குழுவினரும் அந்தமானில் ஹாம் நிலையம் அமைத்திருந்தார்கள். அதுவும் எல்லாரும் தேடி அழைத்த அரிய நிலையமே. தொலைபேசித் தொடர்பு அறுந்ததும், பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, உற்றாரைத் தேடித் தவித்தோருக்குச் செய்தி கொண்டுசேர்க்கும் பணியில் அவர்கள் இறங்கினர்.

நம் இளைஞன் கதையை முடிக்கவில்லையே. தவக்காலத்தில் ஓரிரவு, கேட்டுவிட்டு அணைத்துவிடலாம் என்றுதான் கருவியைத் திறந்தானாம். வேற்றூர் முதியவர் ஒருவர் எவரையேனும் அழைத்துக்கொண்டிருந்தார். தயங்கித் தன் குறியைச் சொன்னான். “பாதிதான் கேட்டது, தம்பி. மெல்லச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்” என்றார் அவர். மூன்றாம் முறை சொன்னபோது அவருக்குச் சரியாகக் கேட்டது. பெயரையும் ஊரையும் விசாரித்தார். கம்பியை இன்னும் சற்று உயர்த்திக் கட்டச் சொன்னார்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றான், ஏணி வேண்டுமாம்.