விதியா, வேகமா?

2024 மே 19. புனே நகரில் விரைந்து பாய்ந்த போர்ஷே காரால் இளம் பொறியாளர் இருவர் மாண்டனர். ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு வயது 17! பிணைக்கு நிபந்தனை என்ன? விபத்துகள் பற்றி 300 சொற்களில் கட்டுரை! கட்டுரை எம் வகுப்பறைப் பாடம், உயிருக்கு ஈடாகுமோ? மக்கள் கொதித்தெழுந்த பின்னரே அவ்வாணை மாறியது.

"எல்லாம் விதி" என்பர் சிலர். வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். இது விதியன்று, விஞ்ஞானம்!

புனே தொலைவென்று வாளாவிருப்பதோ? ஏலத்தோட்டத் தொழிலாளரைச் சுமந்து நம் கம்பத்து ஜீப்புகள் மலையேறும் வழியும் பொதுச்சாலையே. சீறிப்பாய இருங்காட்டுக்கோட்டையிலே பந்தயக்களம் உண்டு. பணம் படைத்தோர் பந்தயத்துக்கு வழிப்போக்கர் உயிர் பணயமோ? கேட்கிறோம், தோழர்களே, நீங்களும் கேளுங்கள்!