வேஷம் கட்டிய ஓட்டல்

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி பார்த்திருப்பீர்கள். பாரதியாராக வந்த வாண்டின் மீசை, பாதி மேடையிலேயே கழன்று தொங்கும். அமெரிக்காவில் ஓட்டல்களுக்கே மாறுவேடம் போட்டு விடுகிறார்கள். ஃப்ளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போனால் ஒரு ஓட்டல் ஆப்பிரிக்கக் காடு, இன்னொன்று பசிபிக் தீவு, மற்றொன்று 'கார்ஸ்' படம். மீசை கழலாது. கவனிக்காவிட்டால் நம் பர்ஸ் கழலும்.

போன கோடையில் நியூஜெர்ஸி அண்ணன் குடும்பம் அங்கே நாலு நாள் போவதென்று தீர்மானமாயிற்று. அண்ணன், அண்ணி, இரண்டு வாண்டுகள், ஆறு மாத விசிட்டில் போயிருந்த என் அம்மா, அதே சமயத்தில் போயிருந்த அண்ணியின் அம்மா. ஆக, ஆறு தலை. எந்த ஓட்டல் என்பதில்தான் பஞ்சாயத்து. பி.காம். படித்த ஒரே குற்றத்துக்காக, மேற்கு மாம்பலத்தில் சிவனே என்று உட்கார்ந்திருந்த என்னை வாட்ஸ்அப்பிலேயே ஆடிட்டராகப் போட்டுவிட்டார்கள்.

பெரிய வாண்டுக்குக் 'கார்ஸ்' ஓட்டல். சின்னதுக்குச் சிங்க ராஜா. அண்ணிக்கு மோனோ ரயில் ஓடும் ஓட்டல். அண்ணனுக்கு எது மலிவோ அது. அம்மாவைக் கேட்டேன்.

"நான் எங்கயாவது ஒரு மூலையில படுத்துக்கறேன்டா."

உலகத்தின் எந்த ஓட்டலிலும் நம் அம்மாக்களுக்குப் பிடித்த இடம் மூலைதான்!

"மத்தியானத்துக்கு மேல அவங்க ரெண்டு பேராலயும் நடக்க முடியாது. ரூம்லயே ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றான் அண்ணன். சுருக்கென்றது. ரூமைக் காவல் காக்கவா இருபது மணி நேரம் பிளேனில் உட்கார்ந்து போனாள்? முழங்கால் இருக்கிற லட்சணத்துக்கு அம்மா இன்னொரு தடவை அமெரிக்கா போவது சந்தேகம். ஆடிட்டர் அன்றுதான் விழித்துக்கொண்டார்.

முதலில் இந்த வேஷம் எதற்கு என்று பார்த்துவிடுவோம். 1955-ல் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது, டிஸ்னி கையிலிருந்த பணம் பார்க் கட்டவே சரியாகப் போயிற்று. பக்கத்தில் ஓட்டல் கட்டியவர் ஜாக் ராதர் என்ற வேறொரு தொழிலதிபர். போர்டில் டிஸ்னிலேண்ட் பெயர், கல்லாவில் ராதர். அதை டிஸ்னி கம்பெனி விலைக்கு வாங்கியது 1988-ல்தான். சுற்றிலும் மோட்டல்கள் வேறு முளைத்து, கூட்டத்தை அறுவடை பண்ணின. பட்ட மனுஷர் அடுத்த தடவை உஷாரானார். ஃப்ளோரிடாவில் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில், சத்தம் போடாமல், சுமார் 27,000 ஏக்கரை வளைத்துப் போட்டார். நம் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். அவர் 1966-ல் காலமானார். 1971 அக்டோபர் 1-ம் தேதி பார்க் திறந்தபோது கூடவே இரண்டு ஓட்டல்களும் திறந்தன. ஆக, ஓட்டல் என்பது பார்க்குக்குத் துணைக்கறி இல்லை, அதுவும் சாப்பாடுதான்.

அந்த இரண்டில் ஒன்றுதான் அண்ணி கேட்ட 'கன்டெம்ப்ரரி'. கட்டடத்தின் வயிற்றுக்குள்ளேயே மோனோ ரயில் புகுந்து போகும். மேஜிக் கிங்டம் பார்க்குக்கு நடந்தே போய்விடலாம். 1973-ல் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் 'நான் திருடன் இல்லை' என்று சொன்னது இந்த ஓட்டலில்தான். ஆனால் அங்கே ஒரு ரூமில் ஐந்து பேருக்கு மேல் கூடாது. நாம் ஆறு. இரண்டு ரூம் என்று சொன்னதும் அண்ணன் முகமும் நிக்ஸன் முகம் மாதிரி ஆகிவிட்டது.

சரி, வெளியே மலிவு ஓட்டலில் தங்கினால்? வாடகை குறைவுதான். பார்க்கில் கார் நிறுத்த மட்டும் தினம் 30 டாலராவது அழ வேண்டும். டிஸ்னி ஓட்டலில் தங்கினால் அந்தக் காசு மிச்சம். பார்க் திறப்பதற்கு அரைமணி முன்னாலேயே உள்ளே விடுகிறார்கள். இந்தச் சலுகை அங்கே இருப்பதிலேயே மலிவான ஓட்டலுக்கும் உண்டு என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ரூம் வாடகையில் பார்க் டிக்கெட் சேராது. வரியும் தனி, பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல்.

இப்போது பி.காம். மூளைக்கு ஒரு கேள்வி. காலை ஏழுக்குக் கிளம்பி ராத்திரி பத்துக்குத் திரும்புகிறவன், ஓட்டலின் வேஷத்தைக் கண் திறந்து பார்ப்பது எத்தனை மணி நேரம்? குறட்டை விடும்போது சுவரில் சிங்கம் இருந்தால் என்ன, சுண்ணாம்பு இருந்தால் என்ன? ரூம் உபயோகப்படுவது மத்தியானம் இரண்டு மணிக்கு. ஃப்ளோரிடா வெயிலில் கால் கடுக்கிற நேரம். சுலபமாகத் திரும்பி வந்து, இரண்டு மணி நேரம் கட்டையைச் சாய்த்து, சாயங்காலம் மறுபடி போக முடிந்தால் அம்மாவும் ராத்திரி வாணவேடிக்கை பார்க்கலாம். முடியாவிட்டால் ரூமில் காவல்தான். குடும்பத்தில் யாருக்குக் கால் முதலில் வலிக்கிறதோ அவரை வைத்து ஓட்டல் பார் என்று தீர்ப்பு எழுதினேன்.

கடைசியில் ஜெயித்தது 'ஆர்ட் ஆஃப் அனிமேஷன்'. 2012-ல் வந்த ஓட்டல். அதில் ஆறு பேர் தங்கும் சூட் உண்டு. முக்கியமாக, பாத்ரூம் இரண்டு! சம்பந்தியம்மாக்கள் இருவர் ஒரே கூரைக்குக் கீழ் நாலு நாள் சௌக்கியமாக இருக்க இதைவிடப் பெரிய உத்தரவாதம் கிடையாது. சாப்பிடும் மேஜையை ராத்திரி மடக்கினால் கட்டில். பகலில் பந்தி, ராத்திரி பாய். நம் வீட்டுக் கூடத்தைத்தான் அவர்கள் இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள். வாசலிலிருந்து 'ஸ்கைலைனர்' என்ற தொங்கு வண்டி இரண்டு பார்க்குகளுக்குப் போகிறது. வீல் சேரோடும் ஏறலாம். மற்ற இரண்டு பார்க்குகளுக்குப் பஸ். இடி மின்னல் வந்தால் தொங்கு வண்டி நிற்கும். ரூமில் மைக்ரோவேவ் அடுப்பு உண்டு. பார்க்குக்குள் நம் சாப்பாட்டை எடுத்துப் போகலாம், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. தயிர் சாதம் டிஸ்னி வேர்ல்டைச் சுற்றி வந்தது.

அதே ஓட்டலில் 'கார்ஸ்' பகுதியும் உண்டு, சிங்க ராஜா பகுதியும் உண்டு. சூட் எடுத்தது 'கார்ஸில்'. நீச்சல் குளம் எல்லாருக்கும் பொது. இரண்டு வாண்டுகளும் கப்சிப்.

கொஞ்ச நாள் கழித்துத்தான் அம்மா மெள்ள வாயைத் திறந்தாள். "ஏதோ ஒரு ஓட்டல்ல பால்கனியில நின்னா ஒட்டகச்சிவிங்கி தெரியுமாமே?"

தெரியும். 'அனிமல் கிங்டம் லாட்ஜ்' என்று பெயர். மிருகங்கள் தெரிகிற பக்கம் ரூம் வேண்டுமென்றால் ரேட் ஏறும். ஆனால் ஒரு ரகசியம்: வேஷத்தைப் பார்க்கக் காசில்லை, அதில் படுக்கத்தான் காசு. அந்த ஓட்டலிலேயே 'சனா' என்று ஒரு ரெஸ்டாரன்ட். ஆப்பிரிக்கச் சமையலில் இந்திய மசாலா. 'நான்' கிடைக்கும் (நானில்லை, ரொட்டி). ஜன்னலுக்கு வெளியே புல்வெளி, அதில் வரிக்குதிரை. ஒரு மத்தியானத்துக்கு டேபிள் சொல்லி வைக்கச் சொன்னேன்.

அன்று ராத்திரி அம்மா போன் பண்ணினாள். குரலில் முழங்கால் வலியே இல்லை.

"அது பாட்டுக்கு மேஞ்சுட்டிருந்துச்சுடா. நானும் சம்பந்தியும் பாட்டுக்கு சாப்பிட்டுட்டிருந்தோம். ரொட்டிக்கு பில்லு, தண்ணி பாட்டிலுக்கு பில்லு... ஒட்டகச்சிவிங்கிக்கு மட்டும் பில்லே வரலை!"