ஆவடி டாங்கிக்கு எண்ணூர் எஞ்சின்

2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் நடந்த அரசு விழாவில் வடசென்னைக்கு இரண்டு திட்டங்கள் கிடைத்தன. ஒன்று, வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ. மற்றொன்று, கடற்கரை நிலையத்திலிருந்து ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வழியாக அத்திப்பட்டு செல்லும் நான்காவது ரயில் பாதை. அதே மேடையில்தான் பிரதமர் நரேந்திர மோடி, ஆவடியில் உருவான அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கியைத் தரைப்படைத் தளபதி நரவணேயிடம் ஒப்படைத்தார்.

அந்த டாங்கிக்கு இன்றுவரை சொந்த எஞ்சின் கிடையாது. வடசென்னையோ எஞ்சினும் வண்டியும் செய்தே வளர்ந்த பகுதி. ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் இந்த இரண்டு இடங்களையும் ஒரே திட்டத்தில் இணைக்க வேண்டிய நேரம் இது.

ஆவடியின் டாங்கி வரலாறு அறுபது ஆண்டுகளைத் தாண்டியது. 1961-இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது. கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965 முடிவதற்குள் முதல் விஜயந்தா வெளியே வந்தது. 105 மி.மீ. பீரங்கி கொண்ட அந்த டாங்கி 1971 போரைப் பார்த்தது. அதன் அடிச்சட்டத்தை நீட்டி, 130 மி.மீ. ரஷ்யப் பீரங்கியை ஏற்றி 'கேடபுல்ட்' என்ற வண்டியைச் செய்தார்கள். ஆற்றின் குறுக்கே பாலம் போடும் 'கார்த்திக்' வண்டியும் அதே குடும்பத்தில் பிறந்தது. அடிச்சட்டம் கையில் இருந்தால் எத்தனை விதமாக அதைப் பயன்படுத்த முடியும் என்று நம் பொறியாளர்கள் அப்போதே காட்டிவிட்டார்கள். எஞ்சின் மட்டும் பிரிட்டிஷ் லேலண்டின் எல்-60. பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியிலும் தீராத தொல்லை கொடுத்த எஞ்சின் அது.

அடுத்தது அர்ஜுன். 1974-இல் 15.5 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அனுமதி கிடைத்தது. ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி மையம் வடிவமைப்பை ஏற்றது. எஞ்சினையும் இங்கேயே செய்வதுதான் முதல் திட்டம். அது கைகூடாததால், மாதிரி வண்டிகளை ஓட்டிப் பார்க்க ஜெர்மனியின் எம்டியு எஞ்சினைப் பொருத்தினார்கள். தற்காலிகம் என்று வந்த அந்த 1,400 குதிரைத்திறன் எஞ்சின் இன்றும் மாறவில்லை.

விளைவு கணக்கிலேயே தெரிகிறது. முதல் அர்ஜுனின் எடை 58.5 டன். மார்க் 1ஏ-வில் 72 மேம்பாடுகள் சேர்ந்ததும் எடை 68 டன்னைத் தாண்டியது. எஞ்சின் அதே அளவுதான். டன் ஒன்றுக்கு 24 குதிரைத்திறனாக இருந்தது சுமார் 20 ஆகக் குறைந்தது. கவசத்தையும் கருவிகளையும் கூட்டிக்கொண்டே போகும் நாடு, எஞ்சினை மட்டும் கூட்ட முடியாமல் நிற்கிறது.

2021 செப்டம்பரில் 118 மார்க் 1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய்க்கு ஆணை வழங்கப்பட்டது. 200-க்கும் மேற்பட்ட இந்திய நிறுவனங்களுக்கு ஆர்டர், சுமார் 8,000 பேருக்கு வேலை என்று அரசு அறிவித்தது. முதல் ஐந்து டாங்கிகள் 30 மாதங்களில் வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் எம்டியு அந்தப் பழைய வகை எஞ்சினின் உற்பத்தியை மறுபடி தொடங்க வேண்டிய நிலை. திட்டம் தாமதத்தில் சிக்கியது. 2025 மார்ச்சில் டி-72 டாங்கிகளுக்கு 1,000 குதிரைத்திறன் எஞ்சின் வாங்க ரஷ்யாவுடன் 24.8 கோடி டாலர் ஒப்பந்தம் போடப்பட்டது. ஆவடிக்குத் தொழில்நுட்பத்தைத் தருவதும் அதில் அடக்கம். நல்லதுதான். ஆனாலும் வடிவமைப்பு அவர்களுடையது.

இனி வடசென்னையைப் பார்க்கலாம். எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் ஸ்டாலியன் லாரிகள்தான் இன்று ராணுவத்தின் சரக்கைச் சுமக்கின்றன. அந்த நிறுவனத்தின் லாரிகளுக்கு எஞ்சின் வார்ப்புகள் செய்வதற்காகவே 1959-இல் எண்ணூர் ஃபவுண்ட்ரீஸ் தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் 1955-இல் புல்லட் மோட்டார் சைக்கிள் தயாரிப்பு வேரூன்றியதே ராணுவத்தின் ஆர்டரால்தான். வார்ப்பாலைத் தொழிலாளியும், லேத் பட்டறைக்காரரும், ஃபிட்டரும் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள்.

லாரி எஞ்சினும் டாங்கி எஞ்சினும் ஒன்றாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1,500 குதிரைத்திறனை ஒரு சிறிய அறைக்குள் அடக்கி, பாலைவன வெயிலில், தூசியில் சூடேறாமல் ஓட்டுவது தனிக் கலை. மைசூருவில் பெமல் நிறுவனம் 2024 மார்ச் 20 அன்று உள்நாட்டு 1,500 குதிரைத்திறன் எஞ்சினை முதன்முறையாக இயக்கிக் காட்டியது. ஆய்வகத்தில் ஓடிய எஞ்சின் படையில் சேர வேண்டுமானால், பிளாக் முதல் வால்வு வரை ஒவ்வொரு பாகமும் ஒரே தரத்தில் நூற்றுக்கணக்கில் வர வேண்டும். அந்தப் பழக்கம் ஊறிய இடம் எண்ணூர்.

தென்கொரியா இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்தது. கே2 டாங்கியின் முதல் 100 வண்டிகளுக்கு ஜெர்மன் எஞ்சினைப் பொருத்தியது. இரண்டாம் தொகுதியில் சொந்த எஞ்சின் வந்தது. கியர் பெட்டி சோதனையில் தேறாததால் அதை மட்டும் ஜெர்மனியிலிருந்தே வாங்கியது. முழுமை வரட்டும் என்று காத்திருக்காமல் தொகுதி தொகுதியாகத் திருத்திக்கொண்டே போனது. 2022-இல் போலந்து 180 கே2 டாங்கிகளை வாங்க ஒப்பந்தம் போட்டது.

நம் அர்ஜுனுக்குக் கிடைத்தது முதலில் 124, இருபது ஆண்டுகள் கழித்து 118. ரஷ்ய வடிவமைப்பான டி-90 டாங்கிகளோ ஆயிரத்துக்கும் மேல். இருபது ஆண்டுக்கு ஒரு முறை வரும் ஆர்டரை நம்பி எந்தப் பட்டறை புது மெஷின் வாங்கும்?

டி-72க்கு மாற்றாகப் புதிய டாங்கி வாங்க 2024 செப்டம்பரில் பாதுகாப்புத் துறை கொள்முதல் குழு முதற்கட்ட ஒப்புதல் தந்திருக்கிறது. இறுதி ஒப்பந்தத்துக்கு முன் அரசு மூன்று முடிவுகளை எடுக்க வேண்டும். உள்நாட்டு எஞ்சினை எந்தத் தொகுதியிலிருந்து பொருத்துவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஆண்டுக்கு இத்தனை எஞ்சின் என்று பத்து ஆண்டுகளுக்கு ஆர்டர் உறுதி செய்ய வேண்டும். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னையும் ஒரு மையம். அந்த மையத்தின் எஞ்சின் பாகச் சோதனைக் கூடத்தை எண்ணூர்–திருவொற்றியூர் பகுதியில் அமைத்து, சிறு பட்டறைகளுக்கும் கதவைத் திறந்துவிட வேண்டும்.