காலனி தயாராகத்தான் இருந்தது, பெட்டிதான் வரவில்லை

2017ஆம் ஆண்டு முழுக்க டிவியின் அடியில் ஒரு வரி ஓடிக்கொண்டே இருந்தது. அனலாக் ஒளிபரப்பு நிற்கப்போகிறது, உடனே செட்டாப் பாக்ஸ் பொருத்திக்கொள்ளுங்கள், தயாராக இருங்கள் என்று. எங்கள் காலனியில் ஒரு பெரியம்மா, பேத்தியை அந்த வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எங்களிடம் திரும்பினார்: "தயாரா இரு, தயாரா இருன்னு சொல்றானே, யாரு தம்பி கொண்டாந்து குடுக்குறது?"

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. டிவிப் பெட்டிக்கெல்லாம் ஒரு போராட்டமா என்று நாங்களே நினைத்தோம். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை 2020இல்தான் கற்றுக்கொண்டோம். அந்தத் தவறை அடுத்து வரும் தோழர்கள் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில், மாறியது எது? அனலாக் காலத்தில் கேபிள் வயர் நேராக டிவிக்குள் போகும். ஒரு வயரை ஸ்பிளிட்டர் வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். எங்கள் தெருவில் பெரும்பாலான இணைப்புகள் அப்படித்தான் இருந்தன. அக்கா வீட்டுக்கு வந்த வயர் தங்கச்சி வீட்டுக்கும், அங்கிருந்து கூரைமேல் சித்தப்பா வீட்டுக்கும் போகும். மூன்று வீடும் சேர்ந்து மாதச் சந்தாவைக் கட்டும். கேபிள்காரருக்கும் தெரியும், அவரும் கண்டுகொள்ளமாட்டார். ஒரு மாதம் பணம் கட்ட முடியாவிட்டால் இணைப்பை வெட்ட அவர் ஏணி போட்டு ஏற வேண்டும். ஏறுவதற்குள் வீட்டுப் பெண்கள் வந்து "அடுத்த வாரம் தர்றோம்ணே" என்பார்கள். முகத்தைப் பார்த்துப் பேசுவதற்கு ஒரு வாய்ப்பு இருந்தது.

டிஜிட்டல் பெட்டி இதையெல்லாம் முடித்துவைத்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். எங்கோ இருக்கும் கணினி அந்த எண்ணைத் திறந்தால்தான் படம் வரும். ஒரு டிவிக்கு ஒரு பெட்டி, ஒரு பெட்டிக்கு ஒரு சந்தா. பணம் வராவிட்டால் ஏணி தேவையில்லை, ஒரு பொத்தான் போதும். படம் தெளிவாக வரும், சேனல்கள் கூடும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் 2011இல் கேபிள் சட்டத்தைத் திருத்தியதற்கு முக்கியக் காரணம் வேறு. அனலாக்கில் எத்தனை வீடு பார்க்கிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. கட்டணச் சேனல் நடத்துகிறவர்களுக்கும் வரி வாங்குகிற அரசுக்கும் ஒவ்வொரு வீட்டையும் எண்ணிக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. 2012இல் பெருநகரங்களில் தொடங்கி, கடைசிக் கட்டமாகக் கிராமங்களுக்கு 2017 மார்ச் 31 என்று கெடு வைத்தார்கள். நம்மை எண்ணுவதில் இருந்த அவசரம் நமக்குக் கொடுப்பதில் இல்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல். 2011இல் புத்துயிர் கொடுக்கப்பட்ட அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது. ஏழைகளுக்கு அது பெரிய ஆறுதல். அந்த நிறுவனம் டிஜிட்டல் உரிமம் கேட்டு 2012இல் விண்ணப்பித்தது. மாநில அரசு நிறுவனங்கள் இந்தத் தொழிலில் இருக்கக்கூடாது என்பது டிராயின் பரிந்துரை. ஒன்றிய அரசு இழுத்தடித்து 2017 ஏப்ரலில்தான் உரிமம் கொடுத்தது, அதாவது கிராமங்களுக்கான கெடு முடிந்த பிறகு. இலவசப் பெட்டி வழங்கும் திட்டம் செப்டம்பரில் தொடங்கியது. டிவியில் ஓடிய வரி மக்களைப் பார்த்துத் 'தயாரா?' என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, தயாராக இல்லாமல் இருந்தது அரசுதான்.

பெட்டி வந்தது. எங்கே வந்தது? நாங்கள் போய்ப் பார்த்த காலனிகளில் கதை ஒன்றுதான். ஊர்த்தெருவில் பொருத்தி முடித்த பிறகுதான் கேபிள்காரர் காலனிப் பக்கம் திரும்பினார். "இந்த லோடுல முடிஞ்சு போச்சு, அடுத்த லோடு வரட்டும்" என்பது ஒரு பதில். "உங்க பக்கம் கலெக்‌ஷன் ஒழுங்கா வராதே" என்பது இன்னொரு பதில். இரண்டாவது பதிலைக் கவனியுங்கள். கடை வைத்திருக்கும் ஊர்க்காரர் மூன்று மாதம் பாக்கி வைத்தால் அது 'கொடுக்கல் வாங்கல்'. கூலிக்குப் போகும் நம் வீட்டில் ஒரு மாதம் தாமதமானால் அது 'அந்தப் பக்கத்துப் பழக்கம்'. சாதி இப்படித்தான் வணிக மொழி பேசக் கற்றுக்கொள்கிறது.

வந்த பெட்டிக்கும் விலை வைத்தார்கள். அரசு இலவசம் என்று சொன்ன பெட்டிக்கு ஒரு வீட்டில் 200 ரூபாய், அடுத்த வீட்டில் 500 ரூபாய் என்று 'மாட்டுற காசு' வாங்கினார்கள். ரசீது கேட்ட பையனுக்குக் கிடைத்தது ஒரு முறைப்பு. பல வீடுகளில் பெட்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றுவரை அந்த வீட்டுக்கே தெரியாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். மூன்று வீடு பகிர்ந்துகொண்ட 70 ரூபாயில் ஒரு வீட்டின் பங்கு 23 ரூபாய் சொச்சம். டிஜிட்டலுக்கு மாறியபோது அரசு கேபிளின் கட்டணம் 125 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 147 ரூபாய் 50 காசு. ஆறு மடங்குக்கும் மேல். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி 205 ரூபாய். கையில் வந்தது அதைவிடக் குறைவு என்பது வேலைக்குப் போன எல்லோருக்கும் தெரியும். அறிவித்த கூலியை அப்படியே வைத்துக்கொண்டாலும், ஓராண்டு டிவி பார்க்க எட்டரை நாள் உழைப்பு. இதைத்தான் 'சின்னத் தொகை' என்றார்கள்.

இந்த இடத்தில் சில நண்பர்கள் சிரிப்பார்கள். "சோத்துக்கு வழி இல்ல, டிவி கேட்குதாம்." இந்தச் சிரிப்பு நமக்குப் பழையது. 2006இல் தொடங்கி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோதும் இதே சிரிப்புத்தான். மக்களைச் சோம்பேறிகளாக்குகிறார்கள் என்று கட்டுரை எழுதினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் அறிக்கையில் அப்படி வாக்குறுதி தருவது ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை. வீட்டுக்கு இரண்டு டிவி வைத்திருப்பவர்கள், நம் வீட்டில் முதல் டிவி வந்ததைத்தான் நாட்டின் சீரழிவாகப் பார்த்தார்கள்.

அந்த 14 அங்குல டிவி நமக்கு என்னவாக இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அதற்கு முன் டிவி பார்க்க ஊர்த்தெருவுக்குப் போக வேண்டும். பஞ்சாயத்து டிவி இருக்கும் இடத்தில் யார் முன்னால் உட்காருவது, யார் வெளியே நிற்பது என்பதற்கு எழுதாத சட்டம் இருந்தது. சன்னலுக்கு வெளியே நின்று பார்த்த தலைமுறை எங்களுக்கு முந்தைய தலைமுறை. நம் வீட்டுக்குள், நம் பாயில் உட்கார்ந்து, நமக்குப் பிடித்த சேனலை நாமே மாற்றுவது வெறும் பொழுதுபோக்கு அல்ல. யாருடைய வாசலிலும் நிற்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பொருள்.

வேறொரு பக்கத்திலிருந்து நம் தோழர்களே ஒரு கேள்வி கேட்பார்கள். அந்த டிவியில் நாம் எங்கே இருக்கிறோம்? சீரியல்களில் நம் வீடு இல்லை, விவாத மேசையில் நம் ஆள் இல்லை, நம்மைக் கொன்றால் மட்டும் ஒரு நாள் செய்தி. அந்தப் பெட்டி போனால் போகட்டுமே? நியாயமான கோபம்தான். ஆனால் பாடப்புத்தகத்தில் நம் வரலாறு இல்லை என்பதற்காக நாம் பள்ளிக்கூடத்தை விட்டு வரவில்லை. உள்ளே நுழைந்துதான் கேட்டோம். டிவிக்கும் அதே நியாயம்தான்.

பள்ளிக்கூடம் என்றது வெறும் உவமைக்கு அல்ல. 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. அரசு கேபிளில் அதன் எண் 200. அடுத்த ஆண்டு கொரோனா வந்து பள்ளிகள் மூடப்பட்டன. 2020 ஜூலையிலிருந்து பாடங்கள் அதன் வழியே நடந்தன. ஸ்மார்ட்போன் இல்லாவிட்டால் என்ன, வீட்டுக்கு வீடு டிவி இருக்கிறதே என்று அதிகாரிகள் ஆறுதல் சொன்னார்கள். டிவி இருந்தது, உண்மை. அதே 14 அங்குல டிவி. ஆனால் பெட்டி?

நாங்கள் அரிசி மூட்டையோடு வீடு வீடாகப் போன நாட்கள் அவை. ஒரு வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் பாடம் இல்லை. சந்தா முடிந்துவிட்டது, உங்கள் கேபிள் ஆபரேட்டரை அணுகவும் என்ற அறிவிப்பு மட்டும் இருந்தது. அப்பாவுக்கு மூன்று மாதமாக வேலை இல்லை. அம்மாவுக்கு வேலை போய்ச் சேரப் பஸ் இல்லை. யாரோ எங்கோ ஒரு பொத்தானை அழுத்தி அந்தப் பிள்ளையின் வகுப்பறையை மூடிவிட்டார்கள். சீரியல் சேனலும் கல்விச் சேனலும் ஒரே பூட்டுக்குள் இருந்தன. அதே தெருவில் இன்னும் சில வீடுகளுக்குப் பெட்டியே வந்திருக்கவில்லை.

நாம் 2017இல் 'டிவிதானே' என்று விட்ட அலட்சியம் அன்று அந்தத் திரையில் எழுதியிருந்தது.

அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. பொதுச்சொத்து என்று காகிதத்தில் எழுதினால் போதுமா என்பதற்கு நம்மிடம் மூத்த பாடம் ஒன்று உண்டு. பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதோருக்கும் திறந்தவை என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகச் சொன்னது. ஆனால் 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய்க் கையில் அள்ளிக் குடிக்கும்வரை அந்தத் தண்ணீர் நமக்குத் திறக்கவில்லை. தீர்மானம் அரசு போடும், நடக்க வேண்டியது நாம்தான்.

எனவே, நடக்கத் தொடங்குவோம். பெட்டி மாற்றம் ஒரு தடவையோடு முடிவதில்லை. ஹெச்.டி. பெட்டி, இணையவழி டிவி என்று அடுத்தடுத்து வரும். ஒவ்வொரு முறையும் வீட்டைத் தயார் செய் என்பார்கள். இந்த முறை காலனியை நாமே தயார் செய்வோம். விடுமுறையில் ஊருக்குப் போகும் மாணவத் தோழர்கள் இரண்டு மாலை ஒதுக்கினால் போதும்.

ஒரு நோட்டில் தெருவின் எல்லா வீடுகளையும் எழுதுங்கள். எந்த வீட்டில் பெட்டி உண்டு, அதன் எண் என்ன, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எவ்வளவு பணம் வாங்கினார்கள், ரசீது உண்டா? விண்ணப்பப் படிவத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். முடிந்தவரை வீட்டுப் பெண்ணின் பெயரில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இலவசப் பெட்டியை அரசு திரும்பக் கேட்கலாம், ஆனால் யாரும் அதை விற்க முடியாது என்பதைச் சொல்லிக்கொடுங்கள்.

பழைய டிவியைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கச் சொல்வார்கள், கடன் வாங்க விடாதீர்கள். டிவியின் பின்னாலோ பக்கவாட்டிலோ மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகள் இருந்தால் அந்த டிவியே போதும். ஆன்டெனா ஓட்டை மட்டும் இருந்தால் ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சின்னக் கருவியை நடுவில் மாட்டினால் வேலை முடிந்தது. டிவியை ஏ.வி.யில் வைக்க ஒரு ரிமோட், சேனல் மாற்ற இன்னொரு ரிமோட் என்பது வயதானவர்களைக் குழப்பும். அழுத்த வேண்டிய பொத்தான்களில் கலர் நூலோ ஸ்டிக்கரோ ஒட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

2019 முதல் எந்தக் கட்டணச் சேனல் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு உண்டு. கேபிள்காரர் தருகிற தொகுப்பைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாதாமாதம் கட்ட முடியாத வீட்டுக்குத் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் ஒரு வழி. ஒரு முறை செலவோடு முடியும், மாதச் சந்தா கிடையாது. ஆனால் தமிழ்ச் சேனல்கள் குறைவு என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

பழுதான குழாய் டிவியைக் காயலான் கடையில் போட்டால் அதை உடைப்பது பெரும்பாலும் நம் ஆட்கள்தான். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. வெறுங்கையால் உடைக்கவோ, செம்புக் கம்பிக்காக வயரைத் தெருவில் எரிக்கவோ விடக்கூடாது. மின்கழிவு விதிகளின்படி அது முறையாக மறுசுழற்சி ஆவதற்குத் தயாரித்த நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு.

இவ்வளவும் நம் வேலை. அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. பெட்டி வினியோகக் கணக்கைத் தெருவாரியாக வெளியிட வேண்டும். காலனிக்கு எப்போது, எத்தனை வந்தது என்பது எல்லோருக்கும் தெரியட்டும். இலவசம் என்று அறிவித்த பெட்டிக்குப் பணம் வாங்கும் ஆபரேட்டரின் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: சந்தா நின்றாலும் கல்வித் தொலைக்காட்சியும் தூர்தர்ஷனும் எந்த வீட்டிலும் நிற்கக்கூடாது. ஒரு பொத்தானில் எல்லாவற்றையும் மூடத் தெரிந்த கணினிக்கு, இந்த இரண்டை மட்டும் திறந்துவைக்கவும் முடியும். மனம் இருந்தால் நாளைக்கே செய்யலாம்.

நோட்டை நிரப்பிவிட்டீர்களா? அதைப் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதன் நகலோடு கேள்வி கேட்ட அந்தப் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். 2017இல் எங்களிடம் கேட்டதை அவர் இந்த முறை கேட்க வேண்டியவர்களிடம் கேட்கட்டும்.

ஜெய் பீம்.