உப்பளத்துக்கு உபதேசமா மருந்து?

உப்பளத் தொழிலாளியிடம் "நிறையத் தண்ணீர் குடி, சுத்தமாயிரு" என்று உபதேசிக்கிறார்கள். நல்ல உபதேசம்தான்! தூத்துக்குடியில் பல அளங்களில் நிழலும் இல்லை, கக்கூசும் இல்லை. ஒதுங்க இடமில்லாத பெண்கள் தண்ணீர் குடிக்கவே அஞ்சுகிறார்கள். உப்புநீர் காலை அரிக்கிறது. உப்பின் வெள்ளைக் கூச்சம் கண்ணை வாட்டுகிறது. மருந்துச்சீட்டு என்ன செய்யும்?

1908-ல் இதே ஊரின் கோரல் மில் தொழிலாளர்கள், வ.உ.சி., சுப்பிரமணிய சிவா துணையோடு வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றார்கள். எந்த டாக்டரும் எழுதித் தராத மருந்து அது! உணவு, வீடு, வருமானம் ஆகியவையே ஆரோக்கியத்தின் அஸ்திவாரம், அதில் மக்களுக்கே அதிகாரம் வேண்டும் என்று 1986-ல் ஒட்டாவா உலக மாநாடும் சொல்லிற்று.

தோழர்களே! குடிநீர், கக்கூஸ், நிழற்கூரை, காலுக்குப் பூட்ஸ் எங்கே, எத்தனை வேண்டும் என்பதைச் சர்க்காரும் அள முதலாளிகளும் தொழிலாளரைக் கூட்டிவைத்து முடிவு செய்யட்டும். பெண்களை முதலில் கேட்கட்டும்.