வீடு மட்டும் போதுமா?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே வீட்டில் கற்பிக்கும் முறை, நம் நகரங்களில் வசதி படைத்த சில குடும்பங்களில் இன்று காணப்படுகிறது. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் இது சட்டப்படி செல்லும். ஜெர்மனியிலோ பொதுவாக அனுமதியில்லை. நமக்கு எது ஏற்றது என்று சிந்திப்பது மாணவர்களாகிய நம் கடமையாகும்.

வீட்டுக் கல்வியை விரும்புவோர் கூறும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. மனப்பாடம், மதிப்பெண் வெறி, ஏளனப் பேச்சு ஆகியவை பள்ளிகளில் இல்லை என்று எவர் சொல்வார்? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்த பின்னரும் பிரம்பு முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. நடக்கவியலாத குழந்தைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருவதும் நியாயமே.

ஆனால், வீட்டில் கற்பிப்பவர் யார்? என் தந்தையார் கையெழுத்து மட்டும் போடுவார். தாயார் அதுவும் அறியார். வீடு எனக்கு அன்பைத் தந்தது. எழுத்தைத் தந்தது பள்ளிதான். 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய நம் மாநிலப் பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. கற்ற பெற்றோரும் கைப்பேசியும் உள்ள வீடுகளில் பாடம் நடந்தது. எங்கள் தெருப் பிள்ளைகளோ வேலைக்குப் போயினர். சிலர் பள்ளிக்குத் திரும்பவேயில்லை.

மேலும், பள்ளி தருவது பாடம் மட்டுமன்று. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பசியை மட்டுமா போக்கின? வேற்றுத் தெருப் பிள்ளைகளை ஒரே வரிசையில் அமர வைத்தன. உறவினரோடு பழக வீடே போதும். உறவல்லாதவரோடு பழகப் பள்ளி வேண்டும்.

வசதியுள்ளோர் விலகிவிட்டால், ஒழுகும் கூரைக்காக மனு எழுதவும் அதிகாரியைத் தட்டிக் கேட்கவும் அங்கே யார் இருப்பார்? கட்டணப் பள்ளிகளை நாடுவோருக்கும் இக்கேள்வி பொருந்தும். அரசு ஊதியம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே சேர்க்க வழிசெய்யுமாறு அலகாபாத் உயர்நீதிமன்றம் 2015இல் உத்தரப் பிரதேச அரசுக்கு ஆணையிட்டது. அந்த எண்ணம் இங்கும் வேண்டும் என்பேன். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க!

நண்பர்களே! நம்மில் பலர் நாளை அரசுப் பணிக்குச் செல்வோம். அன்று நம் பிள்ளைகளை எந்தப் பள்ளி வாசலில் விடப் போகிறோம்? குறையுள்ள பள்ளியை விட்டு ஓடுவது எளிது. உள்ளே நின்று திருத்துவதே, அதனால் உயர்ந்த நம் கடன்.

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்